வீட்டுப் பட்டறையின் காற்று லைன்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். அதில் 1 எச்பியிலிருந்து 3 எச்பிக்குள் ஒரு பிஸ்டன் கம்ப்ரஸர், 50 முதல் 200 லிட்டர் வரை பிடிக்கும் டேங்க், சுவரோரமாக ஓடும் பைப், அதில் இரண்டு மூன்று அவுட்லெட். இப்படி ஒரு பட்டறை வைத்திருப்பவர்களுக்கும், புதிதாக லைன் போட்டு முடித்துவிட்டு ஏதோ சரியில்லையே என்று யோசிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

ஸ்ப்ரே கன் துப்புகிறது, இம்பாக்ட் ரெஞ்ச் போல்ட்டை அசைக்கவில்லை, கம்ப்ரஸர் நாளெல்லாம் ஓடுகிறது என்று சொன்னால் உடனே கிடைக்கும் ஆலோசனை பெரிய கம்ப்ரஸர் வாங்கச் சொல்வதுதான். சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் நான் பார்த்த சிறிய பட்டறைகளில் பெரும்பாலும் கோளாறு கருவிக்கும் டேங்குக்கும் நடுவில்தான் இருக்கிறது. அதனால் காசை எடுக்கும் முன் கருவியின் வாயில் தொடங்கி டேங்க் வரை பின்னோக்கி நடந்து பாருங்கள். கீழே உள்ள எல்லாமே அந்த வரிசையை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

எதையும் கழற்றும் முன்

ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். யாராவது தவறி ஸ்விட்சைப் போட்டுவிட்டால், டேங்கில் அழுத்தம் இறங்கியதும் பிரஷர் ஸ்விட்ச் தானாகவே மோட்டாரை ஓட்டிவிடும். அப்புறம் டேங்க் வாயில் உள்ள பால் வால்வை மூடி, லைனின் கடைசி அவுட்லெட்டைத் திறந்து காற்றை வெளியே விடுங்கள். நடுவில் வேறு வால்வுகள் இருந்தால் மூடிய வால்வுக்கு அந்தப் பக்கம் காற்று சிக்கி நிற்கும். ஒவ்வொன்றையும் திறந்து விட்டு, கேஜ் பூஜ்யம் காட்டினாலும் ஒரு அவுட்லெட்டைத் திறந்தே வைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுங்கள். 7 பார் (ஒரு பார் ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தம்) அழுத்தத்தில் கழன்று வரும் ஃபிட்டிங் கண்ணுக்கு ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொள்வதில் சோம்பல் வேண்டாம்.

எந்தக் கோளாறும் தெரியவில்லை, ஆனால் பைப் பிவிசி

இதை முதலில் சொல்லியாக வேண்டும். தண்ணீருக்குப் போடும் பிவிசி, சிபிவிசி பைப்பை நம் ஊரில் எந்தத் தெருவிலும் வாங்கலாம், வெட்டி ஒட்டுவதும் சுலபம், விலையும் குறைவு. அதனால் காற்றுக்கும் அதையே போட்டுவிடுகிறார்கள். மூன்று வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்று சொல்பவர்களும் உண்டு.

பைப்பின் மேல் அச்சடித்திருக்கும் அழுத்தம் தண்ணீருக்கானது. தண்ணீர் நிறைந்த பைப் உடைந்தால் பீய்ச்சி அடித்துவிட்டு உடனே அழுத்தம் இறங்கிவிடும், ஏனென்றால் தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. 7 பாரில் காற்று எட்டில் ஒரு பங்காகச் சுருங்கி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. பைப் உடைந்தால் அவ்வளவும் ஒரே நொடியில் விரிகிறது. பிவிசி அந்த நேரத்தில் கிழியாது, கூரான சில்லுகளாகச் சிதறும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, தரைக்கு மேல் செல்லும் காற்று லைனுக்கு பிவிசி கூடாது என்று 1988-லேயே எச்சரிக்கை வெளியிட்டது. அதற்கு மேல் நம் வெயில். தகரக் கூரைக்குக் கீழே மதியம் 45 டிகிரியை நெருங்கும்போது பிவிசியின் தாங்குதிறன் ஏறத்தாழ பாதியாகிவிடும். கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்றோ அதைவிடச் சூடு. அதில் கலந்து வரும் எண்ணெய் ஆவி சிபிவிசியை மெல்ல விரிசல் விட வைக்கும்.

ஆகவே பிவிசி லைன் இருந்தால் பழுதுபார்க்க வேண்டாம், கழற்றிவிடுங்கள். அதற்குப் பதிலாக ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு), செம்பு, காற்றுக்கென்றே விற்கும் அலுமினியம் பைப், நடுவில் அலுமினிய அடுக்கு உள்ள காம்போசிட் பைப் ஆகியவற்றில் கைக்கு எட்டியதைப் போடலாம். பிபிஆர் என்ற பிளாஸ்டிக் பைப்பையும் பல சிறு தொழிற்கூடங்களில் காற்றுக்குப் பயன்படுத்துகிறார்கள். கம்பெனி அந்தக் குறிப்பிட்ட பைப்பைக் காற்றுக்குப் பரிந்துரைக்கிறதா, எந்த வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தம் என்று அட்டவணை பார்த்து வாங்குங்கள். வெயில் நேரடியாகப் படும் இடத்தில் வேண்டாம். கம்ப்ரஸர் வாயிலிருந்து முதல் சில மீட்டர் எப்போதும் உலோகமாக இருக்கட்டும்.

முதலில் செய்ய வேண்டிய இரண்டு சோதனைகள்

கோளாறு கம்ப்ரஸரிலா, லைனிலா என்று தெரிந்துகொள்ள ஒரு கடிகாரமும் டேங்கில் உள்ள கேஜும் போதும்.

டேங்க் வால்வை மூடுங்கள். டேங்கின் அடியில் தண்ணீர் வெளியேற வைத்திருக்கும் டிரெய்னைத் திறந்து அழுத்தத்தை 4 பாருக்குக் கீழே இறக்கி, டிரெய்னை மூடி, கம்ப்ரஸரை ஓட்டுங்கள். கேஜ் 4-இலிருந்து 8-க்கு ஏற எவ்வளவு நேரம் ஆகிறது? 100 லிட்டர் டேங்கில் 4 பார் ஏறினால் 400 லிட்டர் வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது என்று பொருள். அதற்கு 4 நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 100 லிட்டர். 28.3-ஆல் வகுத்தால் 3.5 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 3.5 கன அடி. நல்ல நிலையில் உள்ள பிஸ்டன் கம்ப்ரஸர் ஒரு எச்பிக்கு 3 முதல் 4 சிஎஃப்எம் தரும். நேம் பிளேட்டில் இதைவிடப் பெரிய எண் இருந்தால் ஏமாற வேண்டாம். அது பெரும்பாலும் பிஸ்டன் நகரும் கொள்ளளவை வைத்துப் போட்ட கணக்கு, வெளியே கிடைக்கும் காற்று அதில் மூன்றில் இரண்டு பங்கு போலத்தான் இருக்கும். உங்கள் கணக்கு இதற்கும் வெகு கீழே வந்தால் ஏர் ஃபில்டர், பெல்ட், வால்வு பிளேட், ரிங், மின்சார வோல்டேஜ் ஆகியவற்றைப் பாருங்கள். நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஓடும் கம்ப்ரஸர் இப்படித்தான் திணறும். அது பைப் வேலை இல்லை.

இரண்டாவது சோதனையை இரவில் எல்லாம் அமைதியான பிறகு செய்வது நல்லது. டேங்க் 8 பார் நிரம்பியதும் பிளக்கைப் பிடுங்கி, லைன் வால்வைத் திறந்தே வைத்து, எந்தக் கருவியையும் தொடாமல் விடுங்கள். 10 நிமிடத்தில் 8-இலிருந்து 6-க்கு இறங்கினால் 100 லிட்டர் டேங்கில் 200 லிட்டர் போயிருக்கிறது, அதாவது நிமிடத்துக்கு 20 லிட்டர் கசிவு. இதையே டேங்க் வால்வை மூடிவிட்டு மறுபடி செய்யுங்கள். மூடிய பிறகும் இறங்கினால் கசிவு டேங்கில், அதன் ஃபிட்டிங்கில், அல்லது டேங்க் காற்று கம்ப்ரஸருக்குத் திரும்பாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வில். இறங்கவில்லை என்றால் லைனில்.

கேஜில் 6 பார் நிற்கிறது, ட்ரிகரை அழுத்தினால் கருவி திணறுகிறது

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். காற்று ஓடாமல் நிற்கும்போது லைன் முழுக்க ஒரே அழுத்தம்தான் காட்டும், நடுவில் ஊசி அளவு ஓட்டை மட்டும் இருந்தாலும் சரி. காற்று ஓடும்போதுதான் இழப்பு தெரியும். அதனால் ட்ரிகரை அழுத்திக்கொண்டே படிக்காத கேஜ் எதையும் சொல்லாது.

செய்ய வேண்டியது இது. ஒரு சின்ன டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு), ஒரு கேஜ், இரண்டு பக்கமும் கப்ளர் (கையால் மாட்டிக் கழற்றும் இணைப்பு) வைத்து ஒரு சோதனைத் துண்டு செய்துகொள்ளுங்கள். அதைக் கருவியின் வாயில் மாட்டி, ட்ரிகரை முழுதாக அழுத்திப் படியுங்கள். அப்புறம் ஹோஸுக்கு முன்னால் மாட்டிப் படியுங்கள், அதற்கப்புறம் அழுத்தத்தைக் குறைத்து நிறுத்தும் ரெகுலேட்டருக்கு முன்னால், கடைசியாக டேங்க் வாயில். எந்த இரண்டு இடத்துக்கு நடுவே எண் குதிக்கிறதோ, அடைப்பு அங்கேதான்.

பெரும்பாலும் குதிப்பது முதல் இடத்திலேயே. நம் கடைகளில் எல்லோரும் வாங்குவது அந்த நீல நிற பியு (பாலியுரேத்தேன்) டியூப். 8 எம்எம் என்று கேட்டு வாங்குகிறோம். அது வெளிவிட்டம். உள்ளே 5 அல்லது 5.5 எம்எம்தான் இருக்கும். 6 எம்எம் டியூபில் உள்ளே 4 எம்எம். காற்று ஓட்டம் அதேதான் என்றால், உள்விட்டம் பாதியானால் அழுத்த இழப்பு இரண்டு மடங்காகாது, ஏறத்தாழ 32 மடங்காகும். இதை எண்ணில் பார்த்தால் நம்புவீர்கள். உள்ளே 5 எம்எம் உள்ள டியூப் 10 மீட்டர் நீளத்தில் 10 சிஎஃப்எம் இழுத்தால் 2 பார் போல அதிலேயே கரைந்துவிடும். அதே ஓட்டம் 10 மீட்டர் அரை இன்ச் ஜிஐ பைப்பில் போனால் இழப்பு 0.01 பார் அளவுதான்.

அதனால்தான் முக்கால் இன்ச், ஒரு இன்ச் என்று மெயின் லைனைப் பெருக்கிவிட்டு, கடைசியில் சுருள் டியூபை மாட்டி வைப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. வீட்டுப் பட்டறையில் 15 மீட்டர் லைனுக்கு அரை இன்ச் ஜிஐ தாராளம். இழப்புக்காக முக்கால் இன்ச் தேவையில்லை. தண்ணீர் பிரிவதற்கு உதவும் என்பதால் போடலாம், அது வேறு விஷயம். சுற்றி வந்து மூடும் ரிங் லைனும் இந்த அளவுக்குத் தேவையில்லை. காசை ஹோஸில் போடுங்கள்: 10 எம்எம் உள்விட்டம் உள்ள ரப்பர் ஹோஸ், தேவைக்கு மேல் நீளம் வேண்டாம். பியு டியூப்தான் பிடிக்கும் என்றால் 12 எம்எம் வாங்குங்கள், உள்ளே 8 கிடைக்கும்.

ஹோஸ் சரியாக இருந்தும் எண் குதித்தால் கப்ளர்களை எண்ணிப் பாருங்கள். மலிவான குவிக் கப்ளரின் உள்துளை சில நேரம் 5 எம்எம் கூட இருக்காது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று இருந்தால் மூன்று இடத்திலும் கழுத்தைப் பிடிக்கிறது. கருவிக்கும் ஹோஸுக்கும் நடுவே ஒன்று, சுவரில் ஒன்று, அத்துடன் நிறுத்துங்கள். கால் இன்ச் கப்ளருக்குப் பதில் முக்கால் பங்கு வேலைகளுக்கு 3/8 இன்ச் நல்லது.

அப்புறம் எஃப்ஆர்எல் யூனிட் (ஃபில்டர், ரெகுலேட்டர், ஆயில் கலக்கும் லூப்ரிகேட்டர் மூன்றும் சேர்ந்தது). அதில் உள்ள ஃபில்டர் எலிமென்ட் அடைத்திருந்தால் நின்ற அழுத்தம் சரியாகவே காட்டும், ஓடும் அழுத்தம் படுத்துவிடும். எலிமென்டைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவி, உள்ளிருந்து வெளியே ஊதுங்கள். அதன் கண்ணாடி போன்ற கிண்ணத்தைத் தின்னரிலோ மண்ணெண்ணெயிலோ கழுவவே கூடாது. அது பாலிகார்பனேட். கரைப்பான் பட்டால் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டு, அழுத்தம் ஏறும்போது வெடிக்கும். மெல்லிய வெள்ளை வரிகள் தெரியும் கிண்ணத்தை உடனே மாற்றுங்கள்.

முதல் அரை நிமிடம் நன்றாக ஓடுகிறது, பிறகு படுத்துவிடுகிறது

இது முந்தைய கோளாறு மாதிரி தெரியும், ஆனால் காரணம் வேறு. ட்ரிகரை அழுத்திய உடனே அழுத்தம் விழுந்தால் லைனில் அடைப்பு. மெல்ல மெல்ல விழுந்தால், டேங்க் கேஜும் கூடவே இறங்கினால், கம்ப்ரஸர் தருவதைவிடக் கருவி அதிகம் தின்கிறது.

ஆர்பிட்டல் சாண்டர் ஒன்று 10 சிஎஃப்எம் கேட்கிறது, உங்கள் 2 எச்பி கம்ப்ரஸர் 7 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 லிட்டர் டேங்க் 8-இலிருந்து 6 பாருக்கு இறங்கும்வரை 200 லிட்டர், அதாவது 7 கன அடி காற்று கிடைக்கும். அது 40 நொடி சொச்சத்தில் தீர்ந்துவிடும். அப்போது மோட்டார் ஓடத் தொடங்கும், இருந்தாலும் 3 சிஎஃப்எம் குறைகிறது. இரண்டு நிமிடத்துக்குள் டேங்க் 5 பாருக்கு வந்துவிடும். எந்தப் பைப் மாற்றினாலும் இது சரியாகாது. டேங்கைப் பெரிதாக்கினால் இடைவெளிதான் நீளும். ஆணி அடிக்கும் கன், இம்பாக்ட் ரெஞ்ச் போல விட்டுவிட்டுப் பயன்படுத்தும் கருவிக்கு அந்த இடைவெளி போதும். சாண்டர், டை கிரைண்டர், எச்விஎல்பி (குறைந்த அழுத்தத்தில் அதிகக் காற்று இழுக்கும்) ஸ்ப்ரே கன் ஆகியவை விடாமல் இழுப்பவை. அவற்றுக்குக் கம்ப்ரஸர்தான் பெரிதாக வேண்டும், அல்லது அந்த ஒரு வேலைக்கு மின்சார சாண்டர் வாங்குவது பல மடங்கு மலிவு. நான் இரண்டாவதையே சொல்வேன்.

பிரஷர் ஸ்விட்சைத் திருகி, மோட்டார் நிற்கும் கட்-ஆஃப் அழுத்தத்தை ஏற்றி இதைச் சமாளிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். டேங்கும் சேஃப்டி வால்வும் அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை இல்லை.

யாரும் தொடாதபோதே கம்ப்ரஸர் ஓடி ஓடி நிற்கிறது

கசிவு. 7 பார் அழுத்தத்தில் ஒரு எம்எம் ஓட்டை நிமிடத்துக்கு 60 லிட்டர் காற்றை வெளியே விடும். 1 எச்பி கம்ப்ரஸர் தரும் காற்றில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். காதுக்குக் கேட்கும் கசிவைப் பிடிப்பது எளிது. கேட்காதவற்றுக்குப் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து பிரஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். சில கசிவுகளில் நுரை உடனே வராது, ஒரு நிமிடம் காத்திருந்தால் சின்னக் குமிழிகள் கூட்டமாக எழும்பும்.

தேடும் வரிசை: கப்ளர், பியு கனெக்டர், டிரெய்ன் வால்வு, ரெகுலேட்டர், கடைசியாகத்தான் பைப் இணைப்பு. பியு கனெக்டரில் கசிந்தால் கனெக்டரை மாற்றும் முன் டியூபின் நுனியைப் பாருங்கள். கட்டிங் பிளேயரால் வெட்டியிருந்தால் நுனி நசுங்கியும் சாய்வாகவும் இருக்கும், உள்ளே உள்ள ஓ-ரிங் அதைப் பிடிக்காது. கூர்மையான பிளேடால் நேராக ஒரு இன்ச் வெட்டி எறிந்துவிட்டு முழு ஆழத்துக்குத் தள்ளி மாட்டுங்கள். பத்தில் எட்டு இதிலேயே நின்றுவிடும் என்று சொல்லத் தோன்றுகிறது.

மரை இணைப்பில் கசிந்தால் டேப்பைப் பாருங்கள். மரை முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகாரம் சுற்றும் திசையில் டெஃப்லான் டேப்பைச் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போதே அவிழ்ந்துவிடும். நுனியில் முதல் மரையை வெறுமையாக விடுங்கள். அங்கே சுற்றிய டேப் துணுக்காகக் கிழிந்து போய் ரெகுலேட்டரின் இருக்கையில் உட்காரும், பிறகு ரெகுலேட்டர் அழுத்தத்தைப் பிடிக்காது. இணைப்பு முறுகிய பிறகு திசை சரியில்லை என்று பின்னால் திருப்பினால் அந்த டேப் போயிற்று. கழற்றிச் சுத்தம் செய்து புதிதாகச் சுற்ற வேண்டியதுதான். ஜிஐ பைப்புக்கு நம் பிளம்பர்கள் நூலும் பெயிண்டும் வைத்து இறுக்குவது காற்றுக்கும் நன்றாகவே நிற்கும், காய்வதற்கு நேரம் கொடுத்தால். ஜிஐ லைனில் ஒவ்வொரு அவுட்லெட்டுக்கு முன்பும் ஒரு யூனியன் (பைப்பைச் சுற்றாமலே பிரிக்க உதவும் இணைப்பு) போட்டு வைத்தால், இப்படி ஒரு இணைப்பைக் கழற்ற முழு லைனையும் கழற்ற வேண்டியிராது.

எத்தனை முறை சுற்றினாலும் ஒரு இணைப்பு மட்டும் கசிந்துகொண்டே இருக்கிறதா? அந்த உதிரி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நம் ஊரில் பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் தர மரை. அமெரிக்க ரெகுலேட்டர், ஃபில்டர் சிலவற்றில் என்பிடி என்ற அமெரிக்கத் தர மரை. அரை இன்ச்சில் இரண்டுக்கும் ஒரு இன்ச்சுக்கு 14 மரைதான், அதனால் ஒன்றில் ஒன்று தாராளமாக ஏறும். ஆனால் பிஎஸ்பியின் மரைக்கோணம் 55 டிகிரி, என்பிடியில் 60. உச்சியும் பள்ளமும் பொருந்தாமல் காற்று அந்த இடுக்கில் சுற்றி வெளியே வரும். கால் இன்ச்சில் பிஎஸ்பிக்கு 19 மரை, என்பிடிக்கு 18 என்பதால் இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகி நின்றுவிடும், அதையும் பலம் போட்டு முறுக்கி உடைப்பவர்கள் இருக்கிறார்கள். தகுந்த அடாப்டர் வாங்குவது ஒன்றே வழி.

கருவியிலிருந்து தண்ணீர் வருகிறது

மழைக்காலத்தில், அதிலும் சென்னை, கடலூர், நாகை போன்ற கரையோர ஊர்களில், இது கட்டாயம் வரும். ஃபில்டர் வாங்கி மாட்டினேன், அப்படியும் வருகிறது என்பதுதான் அடுத்த வரியாக இருக்கும். ஃபில்டர் எங்கே மாட்டினீர்கள் என்று கேட்டால், கம்ப்ரஸர் வாயிலேயே என்பார்கள்.

30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்கு 24 கிராம் நீராவி இருக்கிறது. அப்படி 8 கன மீட்டரை ஒன்றாக அமுக்குகிறோம். ஒரு கன மீட்டருக்குள் இப்போது 190 கிராம் சொச்சம். ஆனால் 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் இடம் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும், காற்று எவ்வளவு அமுங்கியிருந்தாலும். மீதி 160 கிராமும் தண்ணீராகியே தீர வேண்டும். 2 எச்பி கம்ப்ரஸர் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் ஏறத்தாழ கால் லிட்டர் தண்ணீர்.

அது எப்போது தண்ணீராகும்? காற்று ஆறும்போது. பிஸ்டனிலிருந்து வெளியே வரும் காற்று 100 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. விடாமல் ஓடினால் டேங்கும் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டில் ஈரம் இன்னும் ஆவியாகவே இருக்கிறது. ஃபில்டர் துளியைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. வாயில் மாட்டிய ஃபில்டரைத் தாண்டி ஆவி போய், பைப்பில் ஆறி, துளியாகி, உங்கள் ஸ்ப்ரே கன்னில் வந்து விழுகிறது. தண்ணீரைப் பிரிப்பது பைப்பின் வேலை. பிரிந்ததைப் பிடிப்பதுதான் ஃபில்டரின் வேலை.

அதனால் லைனை இப்படித் திருத்துங்கள். டேங்கிலிருந்து உலோகப் பைப் சுவரில் மேலே ஏறட்டும். அங்கிருந்து மெயின் லைன் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டத்தில் தூரத்து முனையை நோக்கி இறங்க வேண்டும். மட்டப் பலகை வைத்துப் பாருங்கள், கண்ணளவை நம்பாதீர்கள். கிளாம்பு இடைவெளி அதிகமானால் நடுவில் பைப் தொய்ந்து தண்ணீர் அங்கேயே குளம் கட்டும். கடைசி முனையில் பைப்பைக் கீழே இறக்கி, அடியில் ஒரு பால் வால்வு. அதுதான் டிரெய்ன்.

ஒவ்வொரு அவுட்லெட்டுக்கும் காற்றை மெயின் லைனின் மேல்பக்கத்திலிருந்து எடுங்கள். டீயின் வாய் வானத்தைப் பார்க்க வேண்டும், அங்கிருந்து இரண்டு எல்போ போட்டு வளைத்துக் கீழே இறக்க வேண்டும். தண்ணீர் பைப்பின் அடியில் ஓடும், மேலே ஏறி வராது. டீயைக் கீழ்நோக்கி வைத்தால் லைனில் உள்ள தண்ணீர் முழுக்க முதல் அவுட்லெட்டிலேயே இறங்கும். பெரும்பாலான வீட்டு லைன்களில் இந்த ஒரு திருத்தம் மட்டுமே பாதி தொல்லையைத் தீர்க்கும். இறங்கி வரும் பைப்பிலும் அவுட்லெட்டை நேர் அடியில் வைக்காமல் பக்கவாட்டில் எடுங்கள். அதற்குக் கீழே ஒரு சாண் பைப்பை நீட்டி, அடியில் டிரெய்ன் வையுங்கள்.

ஃபில்டர் டேங்கிலிருந்து குறைந்தது 8 மீட்டர் பைப்பைத் தாண்டி, கருவிக்கு அருகில் இருக்கட்டும். சின்ன ஷெட்டில் 8 மீட்டர் எங்கே என்றால், ஒரு சுவரில் செம்பு அல்லது ஜிஐ பைப்பை மேலும் கீழுமாக நான்கைந்து முறை மடித்து ஓட்டுங்கள். ஒவ்வொரு கீழ் வளைவிலும் ஒரு டிரெய்ன். இதில் செலவு பைப் மட்டும்தான். ரெஃப்ரிஜரேட்டட் டிரையர் இதைவிட நன்றாக வேலை செய்யும், ஆனால் கம்ப்ரஸர் விலைக்கே அது வந்து நிற்கும். கார் பெயிண்ட் தொழிலாகச் செய்பவருக்கு அது சரி. மற்றவர்கள் இந்த மடிப்புப் பைப்பில் தொடங்குங்கள்.

டேங்க் டிரெய்னை வேலை முடிந்ததும் தினமும் திறந்து விடுங்கள். தேங்கும் தண்ணீர் டேங்கின் அடியை உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயிண்ட் பளபளவென்றே இருக்கும். அடியில் அல்லது வெல்டிங் ஓரத்தில் ஈரக் கசிவோ துருக் கறையோ தெரிந்தால் அந்த டேங்க் முடிந்தது. மேலே ஒட்டுப் போட்டு வெல்டிங் வைக்கக் கூடாது, ஓட்டை விழுந்த இடத்தைச் சுற்றியும் தகடு மெலிந்துதான் இருக்கும்.

பெயிண்டில் மீன் கண் போல வட்டங்கள் விழுகின்றன

எண்ணெய். அவுட்லெட்டின் முன் வெள்ளைத் தாளைப் பிடித்து அரை நிமிடம் காற்றை விடுங்கள். ஈரம் காய்ந்துவிடும், எண்ணெய்க் கறை காயாது. கறை இருந்தால் கம்ப்ரஸரில் ஆயில் அளவுக்கு மேல் இருக்கிறதா, ரிங் தேய்ந்திருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்து உறிஞ்சுகிறதா என்று பாருங்கள். இன்னொன்று, எஃப்ஆர்எல் யூனிட்டில் உள்ள லூப்ரிகேட்டர் காற்றுக் கருவிக்காக ஆயிலைத் துளித்துளியாகக் கலக்கும். அந்த ஹோஸை ஒருமுறை பயன்படுத்தினாலும் உள்சுவரில் ஆயில் ஒட்டிக்கொள்ளும். பெயிண்டுக்கென்று தனி அவுட்லெட், தனி ஹோஸ், வேறு நிறத்தில். தாள் சுத்தமாக இருந்தும் வட்டம் விழுந்தால் லைனை விட்டுவிட்டு, தகட்டின் மேல் பாலிஷ் அல்லது சிலிகான் ஸ்ப்ரே பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபில்டர் கிண்ணத்தில் செம்மண் மாதிரி படிகிறது

பழைய ஜிஐ லைனின் துரு. ஈரம் நின்ற இடத்தில் துத்தநாகப் பூச்சு போய் இரும்பு உதிர்கிறது. புது லைனிலும் மரை வெட்டிய துகளும் ஆயிலும் இருக்கும், அதனால் கருவியை மாட்டும் முன் ஒவ்வொரு முனையையும் திறந்து முழு அழுத்தத்தில் ஊதி வெளியேற்றுங்கள், எதிரே யாரும் நிற்காமல். வாட்டமும் டிரெய்னும் சரியான லைனில் துரு மெதுவாகத்தான் வரும். கிண்ணம் மாதம் ஒருமுறை சிவப்பானால் அந்தப் பைப்பைத் தட்டிச் சுத்தம் செய்து பயன் இல்லை, மாற்றுங்கள்.

கம்ப்ரஸருக்கு அருகில் ஒரே இணைப்பு மறுபடி மறுபடி கசிகிறது

அதிர்வு. கம்ப்ரஸர் ரப்பர் காலில் குதித்துக்கொண்டிருக்கிறது, பைப் சுவரில் அசையாமல் நிற்கிறது. நடுவில் உள்ள மரை இரண்டுக்கும் இடையில் ஆடுகிறது. டேங்க் வால்வுக்கும் சுவர்ப் பைப்புக்கும் நடுவே அரை மீட்டர் நீளத்தில், சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும் ஃப்ளெக்ஸிபிள் ஹோஸ் ஒன்று போடுங்கள். இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தொய்வாக இருக்கட்டும்.

பிபிஆர் லைனில் இதே தொல்லை தூரத்தில் வந்தால் காரணம் வெயில். சாதாரண பிபிஆர் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.15 எம்எம் நீளும். 10 மீட்டர் லைன் விடியற்காலைக்கும் மதியத்துக்கும் நடுவே 20 டிகிரி ஏறினால் 3 சென்டிமீட்டர் நீளும். எல்லாக் கிளாம்பையும் இறுக்கினால் பைப் பாம்பு போல வளையும், வாட்டமும் கெடும், முனையில் உள்ள பித்தளை மரை இணைப்பு அடி வாங்கும். நடுவில் ஒரு கிளாம்பை மட்டும் இறுக்கி, மற்றவற்றில் பைப் வழுக்கிப் போகும் அளவுக்கு இடம் விடுங்கள்.

மோட்டார் நின்ற பிறகும் ஸ்விட்சுக்கு அடியில் உஸ்ஸென்று சத்தம்

நின்றதும் இரண்டு மூன்று நொடி வரும் சத்தம் இயல்பு. பிஸ்டன் தலைக்கும் டேங்குக்கும் நடுவில் உள்ள குழாயின் காற்றை அன்லோடர் என்ற சிறு வால்வு வெளியேற்றுகிறது. சத்தம் நிற்காமல் வந்து டேங்க் கேஜும் இறங்கினால் நான்-ரிட்டர்ன் வால்வு உட்காரவில்லை, டேங்க் காற்று திரும்பி வருகிறது. டேங்கை முழுதாகக் காலி செய்துவிட்டு அந்த வால்வைக் கழற்றினால் உள்ளே கரி படிந்திருப்பதோ ரப்பர் தேய்ந்திருப்பதோ தெரியும். சின்ன உதிரி, விலையும் குறைவு. இதற்கு நேர் எதிராக, நிற்கும்போது சத்தமே வராமல், மறுபடி தொடங்கும்போது மோட்டார் உறுமிவிட்டு நின்றால் அன்லோடர் திறக்கவில்லை. பிஸ்டன் தலையில் அழுத்தம் நிற்கும்போது மோட்டாரால் சுற்ற முடியாது. உறுமும் மோட்டாரை நொடியில் அணையுங்கள், இல்லையென்றால் வைண்டிங் கருகும். ஸ்விட்சுக்கு அடியில் வரும் மெல்லிய குழாயைக் கழற்றிப் பார்த்து, அடைத்திருந்தால் ஊதிச் சுத்தம் செய்து மாட்டுங்கள்.